பாலைவனத்தில் கண்ட ஓடாவி

2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் இரவு. இஷாத் தொழுகையை முடித்துவிட்டு முஸல்லாவை மடித்துக்கொண்டிருந்தேன். மூத்த மகள் கூடத்தில் அமர்ந்து இஸ்லாமிய நாகரிகப் பாடக் குறிப்பைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவ்வருடம் உயர்தரப் பரீட்சை. குப்பத்துஸ் ஸஹ்ராவைக் கட்டியவர் அப்துல் மலிக், டமஸ்கஸ் பள்ளிவாசலைக் கட்டியவர் முதலாம் வலீத் என்று ஒப்புவித்துக்கொண்டே வந்தவள், "முஸ்லிம்கள் உயிருள்ளவற்றின் உருவங்களை ஒருபோதும் வரையவில்லை" என்ற வசனத்தில் வந்து நின்றாள். பரீட்சைக்கு வரக்கூடிய வசனம் போலும். மூன்று தரம் சொன்னாள். மூன்றாந் தரம் என்னை அறியாமலே என் வாய் திறந்துவிட்டது.

"அப்படிச் சொல்ல ஏலாது மகள். நான் பார்த்திருக்கிறேன்."

அவள் கொப்பியை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "எங்க உம்மா பார்த்தீங்க?"

"ஜோர்தான்ல."

எங்கள் வீட்டில் அந்த நாட்டின் பெயரைச் சொல்வது குறைவு. யாரும் தடுத்ததில்லை, அப்படியே பழகிவிட்டது. 1996இல் நான் வீட்டுப் பணிப்பெண்ணாகப் புறப்பட்டபோது அவளுக்கு நான்கு வயது. 1999இல் திரும்பி வந்தபோது ஏழு வயது. வாசலில் வந்து இறங்கிய என்னைக் கண்டு அவள் மூத்தம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "உம்மா" என்று மூத்தம்மாவைத்தான் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் பள்ளித் தோழிகள் கேட்டால் "எங்கட உம்மா வெளிநாட்டில இருந்தவ" என்பாள். என்ன வேலை என்று சொல்லமாட்டாள். நானும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் ஏன் போனேன் என்பது நம் கரையோரச் சகோதரிகளுக்கு விளக்கத் தேவையில்லாதது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அக்கரைப்பற்றில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். பெண்பிள்ளை பிறந்தால் அவளுக்கொரு வீடு கட்டியாக வேண்டும். எனக்கு இரண்டு பெண்மக்கள். என் கணவர் பிறர் வயலில் வேலை செய்கிறவர். என் வாப்பா ஓடாவி. ஊரில் அவர் இழைத்த கதவுகள் இன்னும் பல வீடுகளில் உண்டு. அவர் 1995இல் மௌத்தாகிவிட்டார். எங்களுக்கு எஞ்சியது அவருடைய வாச்சியும் வாளும் சீவுளியும் வைத்த ஒரு பலகைப் பெட்டிதான். அதை வைத்து வீடு கட்ட முடியுமா? சுருங்கச் சொன்னால், நான் சுவர் எழுப்பப் போனேன்.

நான் வேலை செய்த வீடு அம்மானில் இருந்தது. அந்த வீட்டாரைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. நல்ல நாட்களும் இருந்தன, அழுத நாட்களும் இருந்தன. ஆனால் வீட்டில் இருந்த பெரியவரைப் பற்றிச் சொல்லவேண்டும். வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். என்னை "யா பின்தீ" என்றுதான் அழைப்பார். என் மகளே என்று பொருள். என் அரபு குசினி அரபு. வெங்காயம், உப்பு, துடை, கழுவு என்ற அளவில்தான் அது ஓடும். அதைத் தெரிந்துகொண்டு அவர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, கையாலும் காட்டிப் பேசுவார். அந்த வீட்டில் என்னிடம் வேலை சொல்லாமல் பேசியவர் அவர் ஒருவரே.

1998ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, குடும்பத்தோடு அஸ்ரக் பக்கம் போனார்கள். சாப்பாட்டுப் பாத்திரங்களோடும் ஒன்றரை வயதுக் குழந்தையோடும் நானும் போனேன். அம்மானிலிருந்து கிழக்கே போகும் அந்தத் தெருவில் வீடுகள் முடிந்ததும் வேறொன்றுமில்லை. கல்லும் தூசியுமான தரை, வானம், அவ்வளவுதான். கடலைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த வெறுமை பயம் தந்தது. ஏறத்தாழ 85 கிலோமீற்றர் ஓடியபின் வாகனத்தை ஓரிடத்தில் நிறுத்தினார்கள். மழை பெய்தால் மட்டும் நீர் ஓடும் ஒரு வாடி. அதில் சில புத்ம் மரங்கள். அதனால் அதற்கு வாடி புத்ம் என்று பெயர். அதன் ஓரத்தில் தனியாக ஒரு கட்டடம். மூன்று பீப்பாய்களைப் பாதியாகப் பிளந்து பக்கம் பக்கமாகக் கவிழ்த்ததுபோல் கூரை. கஸ்ர் என்றால் மாளிகை. குஸைர் என்றால் குட்டி மாளிகை. குஸைர் அம்ரா என்பது அதன் பெயர். உண்மையில் அது ஒரு குளியலறையும் அதற்கு முன்னால் விருந்தினரை இருத்தும் ஒரு மண்டபமும்தான்.

மற்றவர்கள் மர நிழலில் பாய் விரித்தார்கள். குழந்தை வெயிலில் சிணுங்கியது. "உள்ளே குளிர்ச்சியாக இருக்கும், வா" என்று பெரியவர் கூப்பிட்டார். காவலாளி கதவைத் திறந்துவிட்டார்.

வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனதால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும் நான் கண்டது, மேற்குச் சுவரில் குளிக்கும் தொட்டியருகே உடுப்பில்லாமல் நிற்கும் ஒரு பெண்ணின் சித்திரம். "அஸ்தஃபிருல்லாஹ்" என்று குழந்தையின் முகத்தைப் பொத்தினேன். பெரியவர் சிரித்துவிட்டார். இது காபிர்கள் கட்டியதா என்று கேட்டேன். இல்லை, கலீபாவின் வீட்டார் கட்டியது என்றார். யார் என்று கேட்டேன். "வலீத்" என்றார். உமையாக் குடும்பத்தில் இரண்டு வலீத் உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், எந்த வலீத் என்று கேட்டிருப்பேன். கேட்டிருந்தாலும் அந்த வருடம் யாராலும் உறுதியாகப் பதில் சொல்லியிருக்க முடியாது. அது பிற்பாடு வரும் கதை.

சுவரெல்லாம் சித்திரம். வலைகளைக் கட்டி நிறுத்திவிட்டு, அதற்குள் காட்டுக் கழுதைகளை விரட்டுகிறார்கள். நம்மூர்க் கரைவலைக்குள் மீன் வருவதுபோல அவை நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகின்றன. ஓரிடத்தில் ஆறு பேர் அலங்காரமாக நிற்கிறார்கள், கைகளை முன்னால் நீட்டியபடி. பெரியவர் விரல் நீட்டிச் சொன்னார்: "கைஸர். கிஸ்ரா. நஜாஷி."

நஜாஷி என்றதும் எனக்கு மயிர் சிலிர்த்தது. மக்காவில் துன்பம் தாங்காமல் அபிசீனியாவுக்குப் போன ஸஹாபாக்களுக்கு அடைக்கலம் தந்த அரசரின் கதையைக் குர்ஆன் மத்ரஸாவில் அழுதுகொண்டே கேட்டவள் நான். அவர் வேறு நஜாஷி, இவர் வேறு. அது அந்நாட்டு மன்னர்களின் பட்டப்பெயர் என்று பிறகுதான் புரிந்தது. நான்காமவர் ஸ்பெயினை ஆண்ட ருத்ரீக் மன்னன். மற்ற இருவர் சீனாவின் மன்னராகவும் துருக்கியரின் தலைவராகவும் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். தோற்ற மன்னர்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அபிசீனியாவை உமையாக்கள் பிடிக்கவில்லையே! உலகத்து அரசர்களின் வரிசையில் தாங்களும் சேர்ந்துவிட்டோம் என்று காட்டத்தான் வரைந்திருப்பார்கள் போலும்.

அவர்களின் தலைக்கு மேல் அரபிலும் கிரேக்கத்திலும் பெயர் எழுதியிருந்தது. எட்டு வயதில் குர்ஆனைத் தமாம் செய்தவள், அரபெழுத்தைக் கண்டால் வாசிக்காமல் விடுவேனா? எட்டி எட்டிப் பார்த்தேன். ஏலவில்லை. புள்ளியுமில்லை, ஸேரு ஸபருமில்லை. பாதி உதிர்ந்தும் போயிருந்தது.

உதிர்ந்ததற்கு ஒரு கதை உண்டு. அலோய்ஸ் மூஸில் என்ற செக் நாட்டுப் பாதிரியார், அரபு நாடோடி மக்களோடு திரிந்தவர், 1898இல் இந்த இடத்துக்கு வந்தார். திரும்பிப் போய்ச் சொன்னபோது வியன்னா நகரத்து அறிஞர்கள் நம்பவில்லையாம். முஸ்லிம்கள் கட்டிய கட்டடத்தில் மனித உருவமா, அதுவும் பாலைவனத்திலா என்றார்களாம். அவர் 1900இல் மறுபடி வந்து படம் பிடித்தார். 1901இல் மீலிக் என்ற ஓவியரையும் அழைத்துவந்து பிரதி எடுப்பித்தார். நூல் 1907இல் வெளிவந்தது. அத்தோடு நின்றிருக்கலாம். சுவரிலிருந்து சில துண்டுகளைப் பெயர்த்தெடுக்கவும் முயன்றார்கள். அதில்தான் அரசர்கள் சிதைந்தார்கள். ஒரு துண்டு இன்னும் பேர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் "கண்டுபிடித்தார்" என்று எழுதுகிறார்களே, அதுவும் எனக்குப் பிடிப்பதில்லை. ஆடு மேய்க்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே குளிருக்கு ஒதுங்கி, நெருப்பு மூட்டி, சுவரைக் கரியாக்கியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாததா?

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். குழந்தை கை நீட்டி மேலே எதையோ காட்டியது. நிமிர்ந்தேன். கிழக்குப் பக்க வளைகூரை முழுவதும் சிறு சிறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வேலையாள். கல் கொத்துகிறவர், கல் சுமக்கும் ஒட்டகம், இரும்படிக்கும் கொல்லர். அவர்களுக்கு நடுவே வாளால் மரம் அறுக்கும் ஓர் ஓடாவி. ஒரு காலை முன்வைத்து, உடம்பைச் சற்றுச் சரித்து. என் வாப்பா முற்றத்தில் நின்று அறுப்பது அப்படித்தான். பட்டுடுத்த அரசர்கள், வேட்டை, ஆட்டம் எல்லாம் இருக்கும் ஒரு மாளிகையில், அதைக் கட்டியவர்களையும் யாரோ வரைந்திருக்கிறார்கள்! அரசர்களுக்குப் பெயர் எழுதியிருந்தது. இவர்களுக்கு எழுதவில்லை. ஆனால் அரசர்களின் முகம் போய்விட்டது, ஓடாவி இருந்தார்.

கழுத்து வலிக்கும்வரை நின்றேன். பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. "என் வாப்பா" என்று மட்டும் அரபில் சொல்லி, கையால் அறுத்துக் காட்டினேன். அவர் தலையசைத்தார். நான் அந்த நாட்டுக்குப் போய் இரண்டு வருடங்களாகியிருந்தன. என் வாப்பா இன்ன தொழில் செய்தார் என்று அதுவரை அங்கே யாரும் கேட்டதில்லை.

பிறகு உள் அறைகளையும் காட்டினார். ஓர் அறையில் கரடியொன்று தந்தி வாத்தியம் வாசிக்கிறது, குரங்கு கை தட்டுகிறது. குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. கடைசி அறை வெந்நீர் அறை. அதன் குவிமாடம் முழுவதும் வானம். நண்டும் தேளும் வில்லாளியுமாக நட்சத்திர மண்டலங்கள். குவிமாடமொன்றில் வரையப்பட்டு இன்றுவரை எஞ்சியிருக்கும் வான்படங்களில் மிகப் பழையது அதுதான் என்கிறார்கள். வானத்தை உள்ளிருந்து பார்ப்பதுபோலன்றி, உருண்டையொன்றை வெளியிலிருந்து பார்ப்பதுபோல் இடம்வலம் மாற்றி வரைந்திருக்கிறார்களாம். எனக்கு அப்போது அதெல்லாம் தெரியவில்லை. வெந்நீரில் குளிக்கப் போகிறவனுக்கு எதற்கு நட்சத்திரம் என்றுதான் தோன்றியது.

வெளியே வரும்போது பெரியவர் கேட்டார்: "உங்கள் நாட்டில் இப்படிச் சுவர்ச்சித்திரம் உண்டா?" சிகிரியாவைச் சொன்னேன். பெரிய மலை, அதன் நடுவில் பெண்களின் சித்திரங்கள் என்று கையால் விளக்கினேன். "நீ பார்த்திருக்கிறாயா?" என்றார். இல்லை என்றேன். இன்றுவரை பார்க்கவில்லை. ஐந்தாம் நூற்றாண்டுக் காசியப்பனின் சித்திரங்கள் என் சொந்த நாட்டில், பஸ் ஏறினால் ஒரு நாளில் பார்த்துவிட்டு வரலாம். எட்டாம் நூற்றாண்டு உமையாவின் சித்திரங்களை, பாத்திரம் கழுவப் போன இடத்தில் பார்த்தேன்.

ஊருக்கு வந்த புதிதில், பெண்கள் கூடும் ஒரு விளக்க வகுப்பில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். ஓடாவியைப் பற்றிச் சொல்லத்தான் தொடங்கினேன். அதற்குள், வகுப்பு நடத்தியவர் இடைமறித்தார். ஆரம்ப கால முஸ்லிம்கள்மீது இப்படி அபாண்டம் சொல்லக்கூடாது, வீட்டு வேலைக்குப் போன இடத்தில் கண்டதையும் கேட்டதையும் கொண்டுவந்து இங்கே பரப்பவேண்டாம் என்றார். சுற்றியிருந்தவர்களில் சிலர் குனிந்து சிரித்தார்கள். அவர் மார்க்கப் பற்றினால்தான் சொன்னார் என்று இன்று நினைக்கிறேன். ஆனால் அன்று அந்த "வேலைக்குப் போன இடத்தில்" என்ற சொல் முள்ளாகக் குத்தியது. அதன்பின் வாய் திறக்கவில்லை. 2011இல் அந்த இரவுவரை.

அன்றிரவு மகள் தூங்கவில்லை, என்னையும் விடவில்லை. எத்தனை அறை, என்ன நிறம், சாளரம் எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். நான் சொல்ல அவள் எழுதினாள் என்பது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்குத் தெரியாது. கடைசியில் பேனையை வைத்துவிட்டு, "அப்ப அந்தப் பிள்ளையை நீங்கதான் தூக்கிக்கொண்டு நின்டீங்களா உம்மா?" என்றாள். ஓம் என்றேன். "அதுக்கு ஒன்டரை வயசு. எனக்கு ஆறு வயசு" என்றாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. அப்படியே சாய்ந்து என் மடியில் தலை வைத்துக்கொண்டாள்.

பரீட்சையில் குறிப்பில் உள்ளபடிதான் எழுதினாள். அதற்கு நான் குறை சொல்லமாட்டேன். பிறகு ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். அங்கே நூலகத்தில் தேடி, ஒவ்வொரு வார இறுதியிலும் ஒரு செய்தியோடு வருவாள். 1985இல் யுனெஸ்கோ அந்தக் கட்டடத்தை உலக மரபுரிமையாக அறிவித்தது. 1970களில் ஸ்பெயின் நாட்டுக் குழுவொன்று சித்திரங்களைத் துப்புரவாக்கியது. நான் அண்ணாந்து பார்த்த வளைகூரையில் மொத்தம் 32 கட்டங்கள். நான் எண்ணவில்லையே என்று இருந்தது.

ஒரு நாள் நான் அவளிடம் என் மனதில் கிடந்ததைக் கேட்டேன். "அப்ப உருவம் வரையலாம் என்டா அர்த்தம்?" அவள் அவசரப்படவில்லை. ஆயிஷா (ரழி) அவர்கள் தொங்கவிட்ட உருவத் திரையை நபி (ஸல்) அவர்கள் விரும்பாததையும், அவர்கள் அதைக் கிழித்துத் தலையணையாக்கியதையும் எனக்கு நினைவூட்டினாள். பிறகு ஒன்று சொன்னாள். அப்துல் மலிக் கட்டிய குப்பத்துஸ் ஸஹ்ராவில் மரமும் கொடியும் எழுத்தும் உண்டு, ஓர் உயிரினம்கூட இல்லை. அவருடைய மகன் முதலாம் வலீத் கட்டிய டமஸ்கஸ் பள்ளியில் ஆறும் வீடும் தோப்பும் உண்டு, அவற்றில் ஒரு மனிதரும் இல்லை. நாணயத்தில் இருந்த உருவத்தைக்கூட அப்துல் மலிக் நீக்கிவிட்டு எழுத்தை மட்டும் பொறித்தார். அதே குடும்பத்தின் பேரன்தான் குளியலறையில் இப்படி வரைவித்திருக்கிறார். "அப்ப எல்லை எது என்டு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு உம்மா. பள்ளிக்குள்ள கொண்டுவரேல்ல. வனாந்தரத்தில போய்த்தான் கீறியிருக்காங்க."

நான் அந்தச் சித்திரங்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. என் வீட்டுச் சுவரில் கஃபாவின் படம் போட்ட நாட்காட்டியைத் தவிர எதுவுமில்லை. ஆனால் இருந்ததை இருக்கவில்லை என்று பிள்ளைக்கு ஏன் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்பதுதான் என் கேள்வி. அந்தக் கேள்விக்கு வகுப்பிலும் இடமிருக்கவில்லை, குறிப்பிலும் இடமிருக்கவில்லை.

பேரன் என்றேனே, அந்தப் பெயர் உறுதியானது 2012இல்தான். அதற்கு முன் முதலாம் வலீத் என்றும் இரண்டாம் வலீத் என்றும் ஆய்வாளர்கள் கருத்து வேறுபட்டிருந்தார்கள். ஜோர்தானின் தொல்பொருள் திணைக்களமும் இத்தாலிய நிபுணர்களும் உலக நினைவுச் சின்னங்கள் நிதியமும் சேர்ந்து, சுவரில் படிந்த கரியையும் முந்திய திருத்தங்களின்போது பூசிய பூச்சுகளையும் மெதுவாக நீக்கிக்கொண்டு வந்தபோது, மண்டபத்தில் ஒரு சாளரத்துக்கு மேலே எழுத்து வெளிப்பட்டது. அதில் வலீத் இப்னு யஸீதின் பெயர். இரண்டாம் வலீத். அவர் கலீபாவாக இருந்தது 743இலிருந்து 744வரை, ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே. அதற்கு முன் சிறிய தந்தை ஹிஷாமின் ஆட்சியில் ஏறத்தாழ இருபது வருடங்கள் பட்டத்துக்குரியவராகக் காத்திருந்தார். அந்தக் காலத்தில்தான் இதைக் கட்டியிருக்கிறார். மதுவுக்கும் பாட்டுக்கும் பேர் போனவர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். சொந்தக் குடும்பத்தாரே கிளர்ந்தெழுந்து அவரைக் கொன்றார்கள். ஆறு வருடங்களில், 750இல், உமையா ஆட்சியே முடிந்துபோனது.

மகள் இந்தச் செய்தியைக் கொண்டுவந்த நாளில் நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். நான் குழந்தையோடு நின்ற அதே மண்டபத்தில், கரிக்குக் கீழே அந்தப் பெயர் இருந்திருக்கிறது.

"என்ன மகள் எழுதியிருக்கு? இந்த மாளிகைய நான்தான் கட்டினேன் என்டா?"

"இல்ல உம்மா. அது ஒரு துஆ. யா அல்லாஹ், யஸீதின் மகன் வலீதைச் சீராக்கு என்டு தொடங்குது."

கத்தியை வைத்துவிட்டு யோசித்தேன். அந்தப் பெண்களும் ஆட்டமும் கரடியும் குரங்கும் நிறைந்த சுவர்களுக்கு நடுவே ஒரு துஆ. அதுவும் இப்படியொரு துஆ.

"அவன்ட உம்மா எழுதச் சொல்லியிருப்பா" என்றேன்.

மகள் சிரித்தாள். அப்படி எங்கும் போடவில்லையாம்.